கிருபை இலவசம் என்றால் பிரயாசம் எதற்கு?

சகோதரி, உங்கள் கேள்வியை நிதானமாகப் படித்தேன். நான் புரிந்துகொண்டது சரிதானா என்று பாருங்கள். கல்லூரி நாட்களில் இயேசுவை ஏற்றுக்கொண்டு ஞானஸ்நானம் எடுத்தீர்கள். வேலை, திருமணம், குழந்தை என்று வந்தபின் ஜெபமும் வேதவாசிப்பும் குறைந்துவிட்டன. விட்டொழித்ததாக நினைத்த ஒரு பாவத்தில் மறுபடி மறுபடி விழுகிறீர்கள். "ஒருமுறை இரட்சிக்கப்பட்டவர் என்றைக்கும் இரட்சிக்கப்பட்டவர்தான், கவலையை விடுங்கள்" என்கிறார் ஒரு போதகர். "கடைசிவரை கீழ்ப்படிந்து ஜெயங்கொள்ளாவிட்டால் ஜீவபுஸ்தகத்திலிருந்து பெயர் கிறுக்கப்படும்" என்கிறார் இன்னொருவர். அலுவலகத்தில் இருக்கும் கத்தோலிக்கத் தோழி, விசுவாசத்தோடு நற்செயல்களும் வேண்டும் என்கிறார். கடைசியில் நீங்கள் கேட்டிருப்பது: இரட்சிப்பு இலவசம் என்றால் ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும்? பாடுபட வேண்டும் என்றால் அது எப்படி இலவசம்? நான் மறுபடியும் ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமா?

இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. இரட்சிப்பில் மனித முயற்சிக்கும் கீழ்ப்படிதலுக்கும் என்ன இடம் என்பது உபதேசக் கேள்வி. "இந்த நிலைமையில் இன்று இரவே நான் கண்மூடினால் எங்கே போவேன்?" என்பது உங்கள் சொந்தக் கேள்வி. அதை நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் வரிக்கு வரி அதுதான் தெரிகிறது. முதல் கேள்வியைத் தாண்டிக் குதித்து இரண்டாவதற்கு ஆறுதல் மட்டும் சொன்னால், அந்த ஆறுதல் அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் வரைக்கும்கூட நிற்காது. நான் தென்னிந்தியத் திருச்சபையில் ஆயராக இருந்தவன். இறையியல் கல்லூரியில் புதிய ஏற்பாடும் சபைச் சரித்திரமும் கற்பித்தவன். சீர்திருத்த மரபில் நின்றுதான் பேசுகிறேன். மற்ற மரபுகள் சொல்வதை, அந்தச் சபையார் படித்தால் "ஆமாம், நாங்கள் சொல்வது இதுதான்" என்று ஒத்துக்கொள்ளும்படி எழுத முயல்கிறேன்.

முதலில், சந்தேகத்துக்கு இடமில்லாதவை. இரட்சிப்பின் தொடக்கம் தேவனுடையது. நல்லவனாகி அவரிடம் போக முடியாது. அவர் தேடி வந்ததால்தான் போக முடிகிறது. இது ஏதோ ஒரு சபையின் தனிக் கொள்கை அல்ல. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமில் வாழ்ந்த பெலாகியுஸ் என்ற துறவி, கிறிஸ்தவர்கள் பெயருக்கு மட்டும் கிறிஸ்தவர்களாக வாழ்வதைக் கண்டு மனம் நொந்தார். தேவன் முடியாததைக் கட்டளையிட மாட்டார், ஆகவே மனிதன் மனம்வைத்தால் கீழ்ப்படிய முடியும் என்று போதித்தார். அவருடைய நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்தப் போதனையின் முடிவு, கிருபை இல்லாமலும் ஒருவன் தன்னைத் தானே நேராக்கிக்கொள்ளலாம் என்பதாகிவிடுகிறது. வட ஆப்பிரிக்கப் பேராயர் அகுஸ்தீன் அதை எதிர்த்து எழுதினார். 418இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜிலும் 431இல் எபேசுவிலும் கூடிய சபைச் சங்கங்கள் அதைத் தள்ளின. அன்றிலிருந்து இன்றுவரை கத்தோலிக்கர், லூத்தரன், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பெந்தெகொஸ்தே என்று எந்தச் சபையும் தன் அதிகாரபூர்வமான போதனையில் "உழைத்துச் சம்பாதித்துக்கொள்" என்று சொன்னதில்லை. மேடையில் நின்று பேசுகிற சிலர் அப்படிச் சொல்வது வேறு விஷயம்.

இதே அளவு உறுதியான இன்னொன்றும் உண்டு. கீழ்ப்படிதல் தேவையில்லை என்றும் எந்தச் சபையும் சொன்னதில்லை. எபேசியர் 2ஆம் அதிகாரத்தில் 8, 9 வசனங்களை ஓய்வுநாள் பள்ளியிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம்: "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு, ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல." பவுல் அங்கே நிறுத்தவில்லை. அடுத்த வசனத்திலேயே, "நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டு" என்று தொடர்கிறார். கிரியைகளினால் அல்ல, ஆனால் கிரியைகளுக்காக. மூன்று வசனத்தையும் சேர்த்து மனப்பாடம் செய்திருந்தால் நம் ஊர்ச் சண்டைகளில் பாதி நடந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம், நம் கூட்டங்களில் அதிகம் பேசப்படாதது. "நீங்கள் இரட்சிக்கப்பட்டீர்களா? எந்தத் தேதியில்?" என்று கேட்டே பழகிவிட்டோம். ஆனால் பவுல் இரட்சிப்பை மூன்று காலங்களிலும் பேசுகிறார். எபேசியரில் இரட்சிக்கப்பட்டீர்கள். 1 கொரிந்தியர் 1:18இல் "இரட்சிக்கப்படுகிற நமக்கோ." ரோமர் 5ஆம் அதிகாரத்தில் இனிமேல் இரட்சிக்கப்படுவோம். மன்னிக்கப்பட்டு தேவனோடு ஒப்புரவானது நடந்து முடிந்த காரியம். பாவத்தின் பிடியிலிருந்து விடுவிக்கப்படுவது இப்போது நடந்துகொண்டிருக்கிறது. சாவிலிருந்தும் வரப்போகும் நியாயத்தீர்ப்பிலிருந்தும் காக்கப்படுவது இனி வரவேண்டியது. உங்கள் இரண்டு போதகர்களில் ஒருவர் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு அதுதான் முழுவதும் என்கிறார். மற்றவர் நடுவில் உள்ளதை எடுத்து, அதன் தலையில் முதலாவதின் பாரத்தையும் ஏற்றிவைக்கிறார்.

சரி, பவுலும் யாக்கோபும் ஒருவரை ஒருவர் மறுக்கவில்லையா? இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மேலோட்டமாகப் பார்த்தால் நேருக்கு நேர் மோதல்தான். ரோமர் 3:28: "மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறானென்று தீர்க்கிறோம்." யாக்கோபு 2:24: "மனுஷன் விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான்." இருவரும் சாட்சிக்கு அழைப்பதும் ஆபிரகாம் என்ற ஒரே ஆளைத்தான். 16ஆம் நூற்றாண்டில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரே இதில் தடுமாறினார். 1522இல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்று எழுதினார்.

ஆனால் இருவரும் ஆபிரகாமின் வாழ்க்கையில் எந்த இடத்தைத் தொடுகிறார்கள் என்று பாருங்கள். பவுல் எடுத்துக்கொள்வது ஆதியாகமம் 15. குழந்தை இல்லாத கிழவன் நட்சத்திரங்களைப் பார்த்து, சொன்னவரை நம்புகிறான். அது அவனுக்கு நீதியாக எண்ணப்படுகிறது. விருத்தசேதனம் வருவது 17ஆம் அதிகாரத்தில். அதற்கு முன்பே, இன்னும் ஒன்றும் செய்யாதவனாக இருந்தபோதே அவன் ஏற்றுக்கொள்ளப்பட்டான் என்பது பவுலின் வாதம். யாக்கோபு எடுத்துக்கொள்வது 22ஆம் அதிகாரம், மகன் ஈசாக்கைப் பலியிட மோரியா மலைக்குக் கூட்டிப்போன நாள். அது பல ஆண்டுகள் கழித்து. 15ஆம் அதிகாரத்தில் நம்பியவன் உண்மையாகவே நம்பினான் என்பது 22ஆம் அதிகாரத்தில் தெரியவந்தது. எதிரே உட்கார்ந்திருக்கும் ஆட்களும் வேறு. புறஜாதியார் விருத்தசேதனம் செய்து நியாயப்பிரமாணத்தைக் கைக்கொண்டால்தான் தேவனுடைய ஜனத்தில் சேர முடியும் என்றவர்களோடு பவுல் போராடுகிறார். வஸ்திரமும் உணவும் இல்லாத சகோதரனிடம் "சமாதானத்தோடே போங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, எனக்கு விசுவாசம் இருக்கிறது என்பவனோடு யாக்கோபு போராடுகிறார். அப்படிப்பட்ட விசுவாசம் பிசாசுகளுக்கும் இருக்கிறது, அவைகள் நடுங்கவாவது செய்கின்றன என்கிறார். அந்த விசுவாசத்தைப் பவுலும் விசுவாசம் என்று ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே உதவும்" என்று கலாத்தியருக்கு எழுதியவர் அவர்தான். இரண்டு நிருபங்களும் ஒரே வார்த்தைகளை ஒரே கோணத்தில் பயன்படுத்துகின்றனவா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் விவாதம் இருக்கிறது. ஆனால் செயலற்ற விசுவாசம் இரட்சிக்காது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருப்பதாக நான் எந்த வசனத்திலும் காணவில்லை.

இந்த உபதேசம் ஒரு மனிதனுடைய வாழ்க்கையில் எப்படி இருக்கும் என்பதற்கு மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆக்ஸ்போர்டில் படித்து, குருவாக அபிஷேகம் பெற்றவர். உபவாசம், சிறைச்சாலை ஊழியம், ஏழைகளுக்கு உதவி, மணிக்கணக்குப் பார்த்து ஜெபம் என்று எதிலும் குறைவைக்காதவர். 1735இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு மிஷனரியாகப் போனார். கப்பல் புயலில் மாட்டியபோது உடன் பயணித்த மொரேவியச் சபை விசுவாசிகள் அமைதியாகப் பாடிக்கொண்டிருக்க, தான் மரணத்துக்குப் பயந்ததை அவர் மறக்கவில்லை. ஊழியம் தோற்று நாடு திரும்பினார். 1738 மே 24ஆம் தேதி மாலை லண்டனில் ஒரு சிறு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தபோது, கிறிஸ்து தன் பாவங்களை, தன்னுடைய பாவங்களையே, நீக்கிவிட்டார் என்ற நிச்சயம் அவருக்கு வந்தது.

அதற்குப் பிறகு வெஸ்லி என்ன செய்தார்? உபவாசத்தை விடவில்லை, அதிகாலை எழுவதை விடவில்லை, சிறைகளுக்குப் போவதை விடவில்லை. 1791இல் 87ஆம் வயதில் இறக்கும்வரை குதிரையிலும் வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தார். வெளியிலிருந்து பார்த்தால் 1738க்கு முன்னும் பின்னும் கிட்டத்தட்ட அதே செயல்கள்தான். முன்பு தேவன் தன்னை ஏற்றுக்கொள்ள வேண்டுமே என்று செய்தார். பின்பு ஏற்றுக்கொள்ளப்பட்டவனாகச் செய்தார். பிரயாசம் குறையவில்லை, கூடியது என்றே சொல்லலாம். நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவதன் மையம் இதுதான்: கீழ்ப்படிதல் இரட்சிப்புக்குக் கொடுக்கும் விலை அல்ல. இரட்சிப்பு நமக்குள் வந்து செய்கிற வேலையே நம்மைக் கீழ்ப்படிகிறவர்களாக்குவதுதான். அதனால் முயற்சி அவசியம். ஆனால் அது தகுதிக்காக அல்ல.

"எவ்வளவு செய்தால் போதும்?" என்ற கணக்கு ஏன் நம்மை இவ்வளவு வாட்டுகிறது என்பதும் இங்கே விளங்கும். கடன் தள்ளுபடி ஆகிவிட்டது, பத்திரமும் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் வாராவாரம் தவணைப் பணத்தோடு வரிசையில் நிற்கிறவர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஒரு வாரம் பணம் புரளாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஜெபம் குறைந்த வாரத்தில் உங்களுக்கு வருகிற பயம் அந்த வகையைச் சேர்ந்தது. ரோமர் 4:4இல் பவுல் சொல்வதைக் கவனியுங்கள்: "கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்." கூலிக் கணக்குக்குள் நுழைந்துவிட்டால் போதும் என்ற அளவு கிடையவே கிடையாது. முழுநேர ஊழியக்காரர்களிடமும் இந்தப் பயத்தை நான் கண்டிருக்கிறேன்.

அப்படியானால் "அதிக பயத்தோடும் நடுக்கத்தோடும் உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்பது? பிலிப்பியர் 2:12. இதையும் பாதியில் நிறுத்திவிடுகிறோம். 13ஆம் வசனம்: "ஏனெனில் தேவனே தம்முடைய தயவுள்ள சித்தத்தின்படி விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவராயிருக்கிறார்." தேவன் உனக்குள் வேலை செய்கிறார், ஆகவே நீ சும்மா இரு என்று பவுல் சொல்லவில்லை. தேவன் பாதி, நீ பாதி என்று பங்கு பிரிக்கவும் இல்லை. அவர் உள்ளே வேலை செய்வதால்தான் உன் பிரயாசத்துக்கு அர்த்தம் உண்டு என்கிறார். தன்னைப்பற்றி அவர் சொன்னதும் அப்படியே: "அவர்களெல்லாரிலும் நான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன்; ஆகிலும் நானல்ல, என்னுடனே இருக்கிற தேவகிருபையே அப்படிச் செய்தது." கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் இதைத் தேவனும் மனிதனும் சேர்ந்து உழைப்பது என்றே சொல்கின்றன. நம் மரபு அந்தச் சொல்லாட்சியைக் கண்டு தயங்கும். ஆனால் அவர்களும் கிருபையே முந்துகிறது என்றுதான் போதிக்கிறார்கள்.

உங்கள் கத்தோலிக்கத் தோழியைப் பற்றி ஒரு வார்த்தை. "கத்தோலிக்கர் கிரியையினால் இரட்சிப்பு என்கிறார்கள்" என்று நம் பக்கத்தில் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அது நியாயமல்ல. லூத்தருக்குப் பதில் சொல்வதற்காகக் கூடிய கத்தோலிக்கத் திருச்சபையின் ட்ரெண்ட் பொதுச்சங்கம் 1547 ஜனவரியில் நீதிமானாக்கப்படுதலைப் பற்றி 33 கண்டனத் தீர்ப்புகளை வெளியிட்டது. அவற்றில் முதலாவதே, கிறிஸ்துவின் வழியாக வரும் கிருபை இல்லாமல் மனிதன் தன் சொந்தச் செயல்களால் நீதிமானாக முடியும் என்பவனைச் சபைக்குப் புறம்பாக்குகிறது. வேறுபாடு அதற்குப் பிறகுதான் வருகிறது. அந்த நீதி நமக்குள் ஊற்றப்படுகிறது, நற்செயல்களால் வளர்கிறது, சாவான பாவத்தால் இழக்கப்படுகிறது, ஒப்புரவு அருட்சாதனத்தால் (குருவிடம் பாவ அறிக்கை செய்து மன்னிப்புப் பெறுவதால்) திரும்பக் கிடைக்கிறது என்பது அவர்கள் போதனை. நாம் நிற்பது கிறிஸ்துவின் நீதியில்தான், அது நமக்கு எண்ணப்படுகிறது, நற்செயல்கள் அதன் கனிகள் என்பது லூத்தரன் போதனை. 1999 அக்டோபர் 31இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றிக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய எந்தத் தகுதியினாலும் அல்ல, கிருபையினால் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்பட்டு, பரிசுத்த ஆவியைப் பெற்று, நற்செயல்களுக்கு அழைக்கப்படுகிறோம் என்பது அதன் சாரம். மெதடிஸ்டுகள் 2006இலும், சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியம் 2017இலும் அதில் சேர்ந்தார்கள். எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை. இரு பக்கத்திலும் அதை ஏற்காதவர்கள் உண்டு. ஆனாலும் உங்கள் தோழியும் நீங்களும் எதிரெதிர் கரையில் நிற்கவில்லை.

இனி, நிச்சயமாகச் சொல்ல முடியாத இடத்துக்கு வருகிறேன். மெய்யாகவே மறுபிறப்படைந்த ஒருவர் முடிவில் விழுந்துபோக முடியுமா? இங்கே சபைகள் பிரிகின்றன, நேர்மையான காரணங்களோடு பிரிகின்றன. "ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை" என்று யோவான் 10இல் இயேசு தம் ஆடுகளைப் பற்றிச் சொல்கிறார். எந்தச் சிருஷ்டியும் தேவனுடைய அன்பைவிட்டு நம்மைப் பிரிக்க முடியாது என்று ரோமர் 8 முடிகிறது. மறுபக்கம், விலகிப்போகிறவர்களை எச்சரிக்கும் எபிரெயர் 6உம் 10உம் இருக்கின்றன. "ஆகாதவனாய்ப் போகாதபடிக்கு" என்று பவுலே தன்னைப்பற்றி எச்சரிக்கையாக இருந்தது 1 கொரிந்தியர் 9இல் இருக்கிறது. 1618-19இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய சீர்திருத்தச் சபையார், மெய் விசுவாசிகளைத் தேவன் முடிவுவரை நிலைநிறுத்துவார் என்று தீர்மானித்தார்கள். லூத்தரன்களின் 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையோ, நீதிமானாக்கப்பட்டவர் பரிசுத்த ஆவியை இழக்க முடியாது என்பதைத் தவறு என்கிறது. வெஸ்லியும் விழுந்துபோக முடியும் என்றே போதித்தார். நம் நாட்டில் சகோதர சபையார் பெரும்பாலும் விழுந்துபோக முடியாது என்ற பக்கம், பெந்தெகொஸ்தே சபையார் பெரும்பாலும் மறுபக்கம். 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் மரபுகள் எல்லாம் கலந்திருப்பதால், இரண்டு விதமான பிரசங்கத்தையும் ஒரே பீடத்திலிருந்து நீங்கள் கேட்டிருக்கக்கூடும்.

என் சாய்வு, தேவன் தம்முடையவர்களைக் கடைசிவரை பிடித்துக்கொள்கிறார் என்ற பக்கம். ஆனால் எபிரெயரின் எச்சரிக்கைகளை வெறும் மிரட்டல் என்று ஒதுக்க என்னால் முடியாது. தேவன் நம்மைப் பிடித்து நிறுத்தும் வழிகளில் அந்த எச்சரிக்கைகளும் ஒன்று என்று படிக்கிறேன். இதற்கு மேல் உறுதியாகப் பேசுகிறவர் எந்தப் பக்கத்தில் இருந்தாலும், மறுபக்கத்து வசனங்களோடு அவர் போதிய நேரம் செலவிடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றும். வெஸ்லியும் அவர் நண்பர் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டும் முன்குறித்தலையும் (யார் இரட்சிக்கப்படுவார் என்று தேவன் முன்பே தீர்மானிப்பது) கடைசிவரை நிலைநிற்பதையும் பற்றி வெளிப்படையாகவே மோதிக்கொண்டார்கள். ஆனாலும் 1770இல் ஒயிட்ஃபீல்ட் இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லிதான்.

ஒன்றைக் கவனித்தீர்களா? இந்த விவாதத்தில் எந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தாலும் உங்கள் பயம் தானாகப் போகாது. இரட்சிப்பை இழக்கலாம் என்ற சபையில் இருந்தால், "இழந்துவிட்டேனோ?" என்று பயப்படுவீர்கள். இழக்கவே முடியாது என்ற சபைக்கு மாறினால், "மெய்யான விசுவாசி விழமாட்டார் என்கிறார்களே, அப்படியானால் நான் ஒருபோதும் இரட்சிக்கப்படவே இல்லையோ?" என்று பயப்படுவீர்கள். அந்த இரண்டாவது பயத்தோடு வருகிறவர்களையும் ஆயராக இருந்தபோது நிறையப் பார்த்தேன். "ஒருமுறை இரட்சிக்கப்பட்டால் போதும், எப்படியும் வாழலாம்" என்று டோர்ட் தீர்மானம் சொல்லவே இல்லை. தாவீதும் பேதுருவும் விழுந்ததைப் போல விசுவாசிகள் கொடிய பாவங்களில் விழக்கூடும், அதனால் தேவனை வருத்தப்படுத்தி, மனச்சாட்சியைக் காயப்படுத்தி, கிருபையின் உணர்வைக்கூடச் சிலகாலம் இழக்கக்கூடும் என்று அது ஒளிக்காமல் எழுதுகிறது. அவர்களைத் தேவன் மனந்திரும்பச் செய்து மீட்டெடுப்பார் என்பதுதான் அதன் உறுதி. பாவத்தில் சௌகரியமாகக் குடியிருக்கிறவருக்கு ஆறுதல் சொல்லும் போதனை எந்த மரபிலும் கிடையாது. மனந்திரும்புகிறவரைத் துரத்திவிடும் போதனையும் இந்தப் பெரிய மரபுகள் எதிலும் கிடையாது.

எபிரெயர் 6:4-6ஐ வாசித்துத்தான் தூக்கம் போனது என்று எழுதியிருக்கிறீர்கள். ருசிபார்த்தபின் மறுதலித்துப்போனவர்களை மறுபடியும் மனந்திரும்புதலுக்குப் புதுப்பிப்பது கூடாத காரியம் என்ற பகுதி. இது கடினமான பகுதிதான், எளிதாக்கிச் சொல்ல மாட்டேன். ஆனால் நிருபம் முழுவதும் பேசுவது, நெருக்கடிக்குப் பயந்து கிறிஸ்துவையே விட்டு விலக நினைத்தவர்களைப் பற்றி. 10ஆம் அதிகாரம் அதை விளக்குகிறது: சபைகூடிவருதலை விட்டவர்கள், தேவனுடைய குமாரனைக் காலின்கீழ் மிதித்தவர்கள். பலவீனத்தால் விழுந்து அழுகிறவர் அங்கே எதிரில் இல்லை. எழுதினவரே 6:9இல், "நாங்கள் இப்படிச் சொன்னாலும், நன்மையானவைகளும் இரட்சிப்புக்குரியவைகளுமான காரியங்கள் உங்களிடத்தில் உண்டாயிருக்கிறதென்று நம்பியிருக்கிறோம்" என்று உடனே கைநீட்டுகிறார்.

அந்த வசனத்தை ஆதிச்சபை நடைமுறையில் எப்படிக் கையாண்டது என்பது உங்களுக்கு உதவும். 250இல் ரோமப் பேரரசர் டேசியஸ், எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டார். அப்படிப்பட்ட சான்றிதழ்கள் எகிப்தில் பாப்பிரஸ் தாள்களில் கிடைத்திருக்கின்றன. பலர் கிறிஸ்துவுக்காகச் சிறைப்பட்டார்கள், இறந்தார்கள். ஆனால் ஏராளமானோர் பலியிட்டார்கள். வேறு சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். உபத்திரவம் தணிந்ததும் இவர்கள் அழுதுகொண்டு சபை வாசலுக்கு வந்தார்கள். அவர்கள் செய்தது நீங்கள் சொல்லும் பாவத்தைவிடச் சிறியதல்ல, வெளிப்படையான மறுதலிப்பு. ரோமில் நொவாத்தியான் என்ற மூப்பர், இவர்களைச் சபை திரும்பச் சேர்க்கவே கூடாது என்றார். கார்த்தேஜின் பேராயர் சிப்ரியான் வேறு வழியில் போனார். 251இல் கூடிய சங்கம், சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்க்கவும், பலியிட்டவர்களை நீண்ட மனந்திரும்புதலில் வைத்து மரணத் தறுவாயில் சேர்க்கவும் முடிவு செய்தது. மறுபடியும் உபத்திரவம் நெருங்கியபோது, மனந்திரும்பி நின்றவர்களுக்குக் காத்திருக்காமல் சமாதானம் கொடுத்தார்கள், நிலைத்துநிற்க அவர்களுக்குப் பெலன் வேண்டுமே என்று. சிப்ரியானே 258இல் இரத்தசாட்சியாக இறந்தார். கண்டிப்பு தெரியாதவர் அல்ல அவர். சபை நொவாத்தியானின் வழியைத் தள்ளியது. ஆக்ஸ்பர்க் அறிக்கை பெயர் சொல்லியே தள்ளுகிறது. நம் ஆங்கிலிக்கன் மரபின் 39 பிரமாணங்களில் 16ஆவது, பரிசுத்த ஆவியைப் பெற்றபின் நாம் கிருபையைவிட்டு விலகிப் பாவத்தில் விழக்கூடும், தேவகிருபையால் மறுபடியும் எழுந்திருக்கக்கூடும் என்கிறது.

திரும்பி வந்தவர்களில் யாருக்கும் இரண்டாம் முறை ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. உங்கள் கடைசிக் கேள்விக்கு இது போதுமான பதில். நீங்கள் மறுபடியும் ஞானஸ்நானம் எடுக்க வேண்டாம். முதல் முறை எடுத்தபோது உங்கள் விசுவாசம் எவ்வளவு பலமாக இருந்தது என்பதில் அல்ல, தேவன் கொடுத்த வாக்கில்தான் அது நிற்கிறது.

உங்கள் சொந்த நிலைமையைப் பற்றி, எழுதியதை மட்டும் வைத்துச் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். பாவத்தோடு சமாதானம் செய்துகொண்டவர் இப்படி ஒரு கேள்வி எழுத மாட்டார். நீங்கள் அதை நியாயப்படுத்தவில்லை, வெறுக்கிறீர்கள், விழுந்த இடத்திலிருந்து கூப்பிடுகிறீர்கள். "நமக்குப் பாவமில்லையென்போமானால், நம்மை நாமே வஞ்சிக்கிறவர்களாயிருப்போம்" என்று யோவான் விசுவாசிகளுக்குத்தான் எழுதினார். அதற்கு அடுத்த வசனத்தில் உள்ள மன்னிப்பின் வாக்கும் அவர்களுக்கே. ஆகவே இன்று இரவைப் பற்றிய உங்கள் கேள்விக்கு என் பதில்: உங்கள் கீழ்ப்படிதலின் அளவில் அல்ல, கிறிஸ்துவில் சாய்ந்து படுங்கள். காலையில் எழுந்ததும் அந்தப் பாவத்தோடு போராடுங்கள். இரண்டும் வேண்டும்.

போராட்டம் என்றால் மனதுக்குள் பல்லைக் கடித்துக்கொள்வது மட்டும் அல்ல. தனியாகப் போராடாதீர்கள். இரகசியம் காக்கத் தெரிந்த ஒரு ஆயரிடமோ முதிர்ந்த சகோதரியிடமோ பெயர் சொல்லி அந்தப் பாவத்தை அறிக்கையிடுங்கள். யாக்கோபு 5:16 சொல்வது அதுதான். திருவிருந்தை விட்டு ஒதுங்காதீர்கள். தகுதி வந்தபின் வருகிறேன் என்று பல மாதம் விலகி நிற்பவர்களை அறிவேன், விலகி நின்றதால் யாருக்கும் தகுதி வந்து நான் பார்த்ததில்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஒரு மணி நேர ஜெபம் முடியாது. குழந்தை தூங்கும்போது ஒரு சங்கீதம் வாசித்தால் போதும், அதைக் கடமைக் கணக்கில் எழுதாதீர்கள். அந்தப் பாவத்தால் வேறொருவருக்கு நஷ்டமோ காயமோ உண்டாகியிருந்தால் அதைச் சரிசெய்ய வேண்டும். அநியாயமாய் வாங்கியதைத் திருப்பிக்கொடுத்த சகேயு செய்ததுபோல, அதில் விட்டுக்கொடுக்க முடியாது.

என் பதிலுக்கு ஒரு எல்லையும் இருக்கிறது. அறிக்கையிட்டு, மன்னிப்பின் வார்த்தையைக் கேட்டபிறகும், அதே பயம் ஒரு நாளில் பலமுறை திரும்பத் திரும்ப வந்து, மறுபடி மறுபடி ஜெபித்து "இப்போது சரியாகச் சொன்னேனா?" என்று சோதிக்கத் தோன்றினால், தூக்கமும் சாப்பாடும் கெட்டால், அது உபதேசத்தால் மட்டும் தீர்கிற பிரச்சினை அல்ல. சபைச் சரித்திரத்தில் இது பழைய அனுபவம். லூத்தர் மடத்தில் இருந்தபோது மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்தார். பின்னாளில் இயேசு சபையை நிறுவிய லொயோலாவின் இஞ்ஞாசியார் 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் சொன்ன பாவங்களையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டும் அமைதி காணாமல் துடித்தார். இன்று மனநல மருத்துவர்கள் இதை எண்ணச் சுழற்சி நோயின் (OCD) ஒரு வடிவமாக அடையாளம் கண்டு சிகிச்சை அளிக்கிறார்கள். பிரசவத்துக்குப் பிந்தைய காலத்தில் இப்படிப்பட்ட பயங்கள் கூடுவதும் உண்டு, குழந்தை சிறியது என்று எழுதியிருப்பதால் இதைச் சொல்கிறேன். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு அல்ல. உங்கள் கணவரிடம் இதை முதலில் சொல்லுங்கள், முடிந்தால் இந்த வாரத்திலேயே.